ஏழாவது சீர்

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஏழாவது சீர் வந்திருந்தது. வாசகசாலையில் அதை உரக்கப் படிக்க மேடை ஏறியவர் என் வீட்டுக்காரர் சுப்புராமன்.

எங்கள் மலாக்கா காஜா பேராங் வட்டாரத்தில் இவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு படிக்க ஆளில்லை என்று பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பெண்கள் வரிசையில் என் மாமியார் நாச்சியம்மை. பக்கத்தில் நான்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலுக்கு அப்பால் ஒரு தீவு, அங்கே ஒரு இளவரசி. மலாக்கா ராஜா பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். அவளோ ஏழு சீர் கொடுத்தால்தான் ஆச்சு என்கிறாள். பக்கத்து வீட்டு ஷரீஃபா அரிசி புடைத்துக்கொண்டே எனக்குச் சொன்ன பழங்கதை.

அதை ‘மாணிக்கவாசகம்’ என்ற பேரில் யாரோ வாரம் ஒரு சீராக எழுதிவர, ஆறு வாரமாக ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

யாரோ என்ன யாரோ. நான்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கின கை சும்மா இருக்குமா? ஷரீஃபாவுக்கு மட்டும் தெரியும். தபாலில் சேர்ப்பவள் அவள்தான்.

மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திர நாளுக்கு, இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் ஓட்டுதான். இளவரசியை வாழவைப்பதா, கடலில் தள்ளுவதா, வாசகர்களே கை தூக்கிச் சொல்லட்டும், அப்படியே முடிக்கிறேன் என்று பத்திரிகையில் நானே கேட்டிருந்தேன்.

ஊர் அவளை வெறுக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் பாருங்கள், பாதிப் பேருக்கு அவளைப் பிடித்துத் தொலைத்தது! பிடிக்காத மாப்பிள்ளையை விரட்ட வேறென்ன வழி என்றாள் கமலவேணி டீச்சர். ராஜாவையே திணறடிக்கிறாளே, கெட்டிக்காரி என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை. எனக்கு வயிறு எரிந்தது. அவளை ஊரே மெச்சிவிட்டால் நான் எழுதி என்ன பிரயோஜனம்?

எல்லோரையும்விட அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது என் மாமியார்தான். எழுத்துக் கூட்டத் தெரியாது. மகன் படிக்கக் கேட்பார். இளவரசி நூறு வெள்ளிக் குடம் கேட்டபோது தொடையில் தட்டிச் சிரித்தார். யானை உயரத்துக்குத் தேக்குக் கட்டில் கேட்டபோது இன்னும் குஷி.

“கேட்டா என்ன? பெரிய எடத்துச் சம்பந்தம்னா கேக்கத்தான் செய்வாக.”

மகன் நேர் எதிர். ராட்சசி என்பார். இல்லாத ஒருத்திக்காகத் தாயும் பிள்ளையும் சாப்பாட்டு நேரமெல்லாம் மல்லுக்கு நின்றார்கள். நான் பாட்டுக்கு ரசம் ஊற்றினேன்.

இவர் படிக்க ஆரம்பித்தார்.

“ராஜாவைப் பெற்றவள் கழுத்தில் ஒன்று கிடக்கிறதே, அது எனக்கு வேண்டும் என்றாள் இளவரசி. தூதர்கள் நடுங்கினார்கள். அவள் விடவில்லை. ‘அவ கையாலயே கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க’ என்றாள்.”

கமலவேணி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்திரிகையை மேசையில் அறைந்தார். பெற்றவள் கழுத்தை மூளியாக்கிப் பார்க்கிறவளும் ஒரு பெண்ணா? அவள் தொண்டையில் சோறு இறங்குமா? நாசமாய்ப் போக மாட்டாளா? கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. கடலில் தள்ளு என்பவர்களெல்லாம் கை தூக்குங்கள் என்றார்.

சடசடவென்று கைகள் ஏறின. பொன்னுதுரை இரண்டு கையையும் தூக்கினார். நானும் தூக்கினேன். அப்பாடா! நாலு வருஷமாக அடிவயிற்றில் கனன்றுகொண்டிருந்தது அப்போதுதான் குளிர்ந்தது. நன்றாக வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

என் மாமியார் கை மட்டும் மேலே ஏறவில்லை. அது கழுத்துக்குப் போனது. முந்தானையை இழுத்து அட்டிகையை மூடிக்கொண்டார்.

சிவப்புக்கல் அட்டிகை. என் ஆத்தாளுடையது.

நான் பிறந்த ஊரான மூவாரில் என் கல்யாணத்துக்கு முதல் நாள். பெண் வீட்டார் மாமியாருக்குச் செய்யும் ‘மாமியார் சாமான்’ என்று கேட்ட அத்தனையும் என்னைப் பெற்ற அப்பச்சி வாங்கி வைத்திருந்தார். வெள்ளிக் குடம், தேக்குக் கட்டில் உள்பட. உள்ளறையில் பெண்டுகள் மட்டும் கூடியிருந்தோம். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு இந்த அம்மாள் என் ஆத்தா கழுத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். மற்றச் சீர்களையெல்லாம் ராஜா வீட்டுக்குத் தக்கபடி பெரிதாக்கி எழுதினேன். அந்த ஒரு பேச்சில் மட்டும் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

ஆத்தா தன் கையாலேயே கழற்றினாள். அடுத்த வருஷம் வெறுங்கழுத்தோடு போய்ச் சேர்ந்தாள். சம்பந்தி ஆசைப்பட்டுக் கொடுத்ததாகத்தான் இந்த அம்மாள் மகனிடம் இன்றுவரை சொல்லி வைத்திருக்கிறார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். உதடு கோணியது.

“நீயாடி எழுதுனது?”

“நீங்க சொன்னதுதானே அயித்தை. நான் எழுதி வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.”

அதற்குள் இவர் மேடையிலிருந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க எங்களிடம் வந்துவிட்டார். ஊரே இவர் பேச்சுக்கு இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது. பெற்றவளைப் பாசமாகப் பார்த்தார்.

“என்னத்தா, இந்த வேக்காட்டுல போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கீக? முந்தானையை எடுத்து விடுங்க” என்றார்.