அப்பாவின் கையெழுத்து

"போடுங்கப்பா. எத்தனை தடவை சொல்றது?"

நாலாம் கவுன்ட்டருக்கு வெளியே ஒரே ஒரு நாற்காலி. அதில் மகள் உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டிய அப்பா படிவத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

வரி அலுவலகத்துப் பெண் குமாஸ்தா கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தாள். காலையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

ஆனாலும் இந்தப் படிவம் வந்தால் மட்டும் அவள் அவசரப்பட மாட்டாள். போன மாதம் ஒரு பெரியவர் தன் கணக்கைப் பார்க்க மகனுக்கு அனுமதி கொடுத்தார். என்னென்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்ட மகன் அத்தனையையும் எழுதி வாங்கிக்கொண்டான். இதே கண்ணாடி முன்னால் வந்து நின்று அவர் அழுத அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. முத்திரை குத்தியது இவள் கைதானே.

"பெரியவரே, இது என்ன படிவம்னு தெரியுமா? வருமானம், சொத்து, கட்டின வரி, எல்லா ரகசியத்தையும் இன்னொருத்தர் பாக்கலாம்னு குடுக்கிற அனுமதி."

"தெரியும்மா" என்றார் பெரியவர்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமாமே மேடம். நான் போட்டாச்சு. அப்பாதான் பிடிவாதம் பிடிக்கிறார்" என்றாள் மகள் அலுப்போடு.

குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீங்க போய் உங்க அடையாள அட்டைய ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. வாசல்லயே கடை இருக்கு."

"நான் போறேம்மா, அவ உக்காரட்டும்." பெரியவர் பதறினார்.

"அவங்களே போகட்டும்."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடிமேல் அடி வைத்து நடந்தாள். பெற்றவரை நிற்க வைத்தவளுக்கு நாலடி நடக்க என்ன வலிக்கிறதாம் என்று குமாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளின் தலை மறைந்ததும் குமாஸ்தா கண்ணாடித் துளைப் பக்கம் குனிந்தாள்.

"பயப்படாம சொல்லுங்க. உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா?"

பெரியவர் கண்ணாடியை ஒட்டி வந்தார். "ஆமாம்மா. ஒரு மாசமா இதே பேச்சு. எனக்கு வேண்டவே வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறா."

"அப்படின்னா கையெழுத்தே போடாதீங்க. அதை இப்படிக் குடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். உங்க கணக்கை ஒரு ஈ காக்கா பாக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

பெரியவர் படிவத்தைக் கொடுக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஜெராக்ஸ் எடுத்துத் திரும்பிய மகள் படியேற முடியாமல் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு என்னோடது இல்லம்மா, அவளோடது. டாக்டருங்க மூணு மாசம்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் என்கிட்ட ஒப்படைச்சிடணுமாம் அவளுக்கு."

பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா, அவ போகப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேம்மா."