வழிவிட்ட அணு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லும் விழட்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் தங்கத் துகளின் ஓரம் தெரிந்தது. வரிசையாக நின்ற அணுக்களுக்கு நடுவே ஓரிடம் காலி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரியின் முனைவர் பட்டமே அந்தக் காலியிடத்தை நம்பித்தான் இருந்தது. படமெடுக்க அன்றுதான் கடைசி நாள். மூச்சுவிட்டாலே படம் ஆடும் என்பதால், அவளும் கருவியை இயக்குபவனும் சற்று நேரம் வெளியே நின்றார்கள். முன்பு தும்மிப் படத்தைக் கெடுத்ததில் அவனுக்குத் ‘தும்மல்’ என்றே பெயர்.

திரும்பி வந்தால், காலியிடத்தில் ஓர் அணு உட்கார்ந்திருந்தது.

“தும்மல், உன் வேலையா இது?”

“சத்தியமா இல்லக்கா. என்னைத் திட்டாம அதையே கேளுங்க.”

கோபத்தை ஆவல் முந்திக்கொள்ள, அவள் திரையருகே குனிந்தாள். “கொஞ்சம் தள்ளிக்கப்பா, என் பொழப்பே போயிடும்.”

அணு சற்று யோசித்துவிட்டு நகர்ந்து வழிவிட்டது. படம் அருமையாக விழுந்தது, பட்டமும் கிடைத்தது.

நுண்ணோக்கிக்குள் வைக்க வேண்டிய தங்கத் துகள் அன்று முழுக்க, டப்பியோடு அவள் சட்டைப்பையிலேயே இருந்தது.