ஒரு படி தவுடு

"புள்ளைக்குப் பேரு தவுட்டம்மா"ன்னா சிந்தாமணி.

கூடத்துல இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல வாயை மூடினாங்க. பந்தியில உக்காந்தாக்கூட அந்த வூட்டுல நடக்காத சங்கதி அது.

முதல்ல சுதாரிச்சது மாமியார் பொன்னம்மாள்தான்.

"என்னாது?"

"தவுட்டம்மா, அத்தை. புள்ளைய ஒரு படி தவுட்டுக்கு வித்துட்டு, அந்தப் பேரை வைக்கணும்."

"அடியே, ரெண்டு மூணு பொறந்து பொறந்து செத்துப் போச்சுன்னா, அடுத்ததாவது தங்கட்டும்னு தவுட்டுக்கு விப்பாங்க. அதெல்லாம் என் மாமியா காலத்துப் பேரு! இது தலைச்சன்டி. உருட்டிவுட்ட பூசணிக்கா மாதிரி கெடக்குது. இதுக்கு என்னாடி கேடு?"

புருசன் குருநாதன் அரியலூர்ல ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா. வூட்டுல பேசுறதும் ஆபீஸ்ல பேசுறாப்புலதான். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா முத்திரை குத்துவான்.

"லீலாவதின்னு... ஆபீஸ் பூரா... சொல்லியாச்சு. பெரிய சாரே... பேரு பிரமாதம்னுட்டாரு. நாப்பத்தாறாம் வருசத்துல போயி... தவுட்டம்மாவா?"

"பேரைச் சொல்லிக் கூப்புட்டா புள்ள வராதுடா, கொல்லையில கெடக்குற எருமைதான் ஓடியாரும்!" பொன்னம்மாள் நெத்தியில அடிச்சிக்கிட்டா. "அஞ்சாவது படிச்சவளாச்சேன்னு பெருமையா கட்டிக்கிட்டு வந்தோமே!"

சிந்தாமணி சுவத்துல சாஞ்சு, மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னா. "சிறுவாச்சூரு காளி கனவுல வந்து சொன்னா, அத்தை."

"ஆமா, காளிக்கு வேற சோலி இல்ல. உன்னைத் தேடிக்கிட்டு நடந்து வந்தாளாக்கும்!"

"செய்யலேன்னா புள்ள தங்காதுன்னா."

பொன்னம்மாள் கப்புன்னு நிறுத்திட்டா.

அதுவரைக்கும் வெத்தலை மென்னுக்கிட்டு இருந்த மாமனார் காசிநாதன், "என்னைக்கு வந்தா?"ன்னாரு.

"செவ்வாக்கெழம, மாமா."

"அப்ப சரிதான். திங்களும் வெள்ளியுந்தான் அவ கோயில்ல இருப்பா. மத்த நாளு வெளியூரு."

அதுக்கு மேல அந்த வூட்டுல அப்பீல் கெடையாது. வசவுக்கு மட்டும் தடை இல்ல.

"யாருக்கு விக்கிறதா உத்தேசம்?"

"பக்கத்து வூட்டுப் பச்சையம்மா அக்காவுக்கு."

"போயும் போயும் வயிறு தொறக்காதவ மடியிலயா?"

"ஆமா அத்தை. ஊரைக் கூப்புட்டுச் செய்யணும். எல்லாரும் பாக்கணும்."

"நம்ம மானம் போறதையா?"

முப்பதாம் நாளு ஊரு கூடிச்சு. பச்சையம்மா முறத்துல தவுட்டை ஏந்திக்கிட்டு வந்தா. வந்த அவசரத்துல பாதி தவுடு வாசல்லயே கொட்டிப் போச்சு.

"கண்ட்ரோல் காலத்துல ஒரு படி தவுடு பெரிய வெலைதான்"னு ஒருத்தன் சொல்ல, கூட்டம் சிரிச்சுச்சு.

சிந்தாமணி மட்டும் சிரிக்கல. தவுட்டை மடியில வாங்கிக்கிட்டா. புள்ளைய பச்சையம்மா கையில குடுத்தா. கடைசி வரிசை வரைக்கும் கேக்குறாப்புல, "வித்துட்டேன், வித்துட்டேன், வித்துட்டேன்"ன்னா. "இனிமே இவ என் பொண்ணு இல்ல. பச்சையம்மா பொண்ணு. தவுட்டம்மா."

குருநாதன் இலை போடுறதுக்கு முன்னாடியே குடையை எடுத்துக்கிட்டான்.

"பெத்த புள்ளைய... சந்தியில வித்துட்ட. இனிமே... உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அரியலூரு ரோட்டுல அவன் மறையிற வரைக்கும் சிந்தாமணி பாத்துக்கிட்டே நின்னா. கூப்புடல.

சாப்புட்டவங்க கைகழுவிட்டுக் கெளம்புனாங்க. பொன்னம்மாள் மருமவளைப் பாக்காம, தூணைப் பாத்து வஞ்சுக்கிட்டே உள்ள போயிட்டா. பொழுது சாயிறப்ப பால் குடுக்கறதுக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா பச்சையம்மா.

"இந்தா புடி. பேருக்குத்தான வாங்குனேன், இனிமே நீதான வளக்கப் போற?"

சிந்தாமணி புள்ளைய வாங்கி அணைச்சுக்கிட்டா.

"ஏன் சிந்தாமணி, கட்டுனவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான். காளி சொன்னான்னு இப்படி ஒத்தக் காலுல நிக்கணுமா?"

"காளி வரலக்கா."

"அடிப்பாவி! அப்ப யாருடி சொன்னது?"

"தஞ்சாவூரு டாக்டரு."

பச்சையம்மா முழிச்சா.

"பிரசவத்துக்குத் திருமழபாடி போயிருந்தப்ப அப்பா கூட்டிக்கிட்டுப் போயி காமிச்சாரு."

"புள்ளைக்கு என்னாடி?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். நெஞ்சு கெட்டுப் போயிருக்காம். பெத்துப் பொழைச்சதே பெருசாம். இந்தத் தை பொறக்கறப்ப நான் இருக்க மாட்டேனாம்."

"அய்யோ, இதை உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லலையாடி?"

"சொன்னா இன்னைக்கே புள்ளைய வெறுக்க ஆரம்பிச்சிடுவாரு."

பால் குடிக்கிற புள்ளையோட தலையை நீவிவுட்டா.

"நான் போயிட்டா, 'ஆத்தாளை முழுங்குன பொண்ணு'ம்பாங்க. அவ சமைஞ்சா சொல்லுவாங்க. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்டயும் சொல்லுவாங்க." சிந்தாமணி பச்சையம்மா கையைப் புடிச்சிக்கிட்டா. "இனிமே சொல்ல முடியாதுக்கா. ஊரே பாத்துச்சு. அவ ஆத்தா நீ. நீ உசுரோடதான இருக்க?"