மிச்சமிருந்த இரண்டு விரல்கள்

நூல் மில் இயந்திரத்தில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த அர்த்தநாரி, நஷ்டஈட்டு வழக்குக்காக மனைவி பாக்கியத்துடன் வக்கீலைப் பார்க்கப் போனார்.

“சட்டைப் பட்டனை நீங்களே போட்டுக்குவீங்களா?” என்று வக்கீல் சுகந்தி கேட்டார்.

“போட்டுக்குவேனுங்க. மிச்சமிருக்கிற ரெண்டு வெரலையும் பழக்கிட்டேன்” என்று அர்த்தநாரி பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். “மெடிக்கல் போர்டுல இப்படிச் சொன்னா ஊனத்தோட சதவீதத்தைக் குறைச்சிருவாங்க. அந்தக் கையால ஒண்ணும் முடியாதுன்னு சொல்லுங்க. மில்லுக்காரங்க ஆள் விட்டு போட்டோ எடுப்பாங்க. வெளியிலயும் அப்படியே இருக்கணும்.”

அர்த்தநாரி வாய் திறப்பதற்குள் பாக்கியம், “இருப்பாருங்க” என்றாள்.

அன்றிலிருந்து அவள்தான் பட்டன் போட்டுவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள். வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் கோர்ட்டிலிருந்து திரும்பியபோது, இடது கையில் பையுடன் அவர் முதலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். பின்னால் வந்த பாக்கியத்துக்குப் படியில் கால் வழுக்கியது. “ஏனுங்க!” என்று அவரை நோக்கிக் கையை நீட்டினாள். அர்த்தநாரியின் வலது கை பாதி எழுந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அதற்குள் அவள் தார் ரோட்டில் விழுந்துவிட்டாள். பக்கத்திலிருந்த பூக்காரி ஓடி வந்து தூக்கிவிட்டாள். முழங்கையில் ரத்தம் வழிய, பாக்கியம் அவர் காதருகே வந்தாள்.

“நல்லவேளை, கையை நீட்டாம இருந்தீங்க.”

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார். கொஞ்சமும் இல்லை.