பத்து நொடி பின்னால்

கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ராக்கெட் கேம் டிவிக்குப் புதுசாக வந்தபோது, அதிலிருந்த எதிரி வண்டுக்கு மினுமினுக்கும் இறக்கை முளைத்தது. வண்டு வழக்கம்போல வலப்பக்கம் நகர்ந்து, ஒரு படி இறங்கி, இடப்பக்கம் வந்து சுட்டது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு நேராகச் சுட்டதே இல்லை. ராக்கெட் சுக்குநூறானது.

அடுத்த கணம் எல்லாம் பின்னோக்கி ஓடியது. குண்டு வண்டின் வாய்க்கே திரும்பியது. ராக்கெட் முழுசாக நின்றது.

"செத்தவன் எப்படிடா எந்திரிச்ச?" என்று வண்டு கொதித்தது. "உனக்கு மூணு உயிர் கொடுத்ததே அதிகம்."

"இப்பல்லாம் தப்பு நடந்தா பத்து நொடி பின்னால போய்த் திருத்திக்கலாம்" என்ற ராக்கெட், குண்டு வரும் இடத்தைவிட்டு விலகிக்கொண்டு சுட்டது.

வண்டின் இறக்கை பிய்ந்து பறந்தது. "சரி, இப்ப பின்னால போ" என்றது வண்டு.

"எதுக்கு? தப்பு எதுவும் நடக்கலையே."