தெற்கு மூலை

முளையடித்து முடித்த மனையில், சுண்ணாம்புக் கோட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விலாசினி, இன்னும் கட்டாத ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல எட்டு மணி வெயில் அடுப்பு மேல விழணும், ஷீஜா. லைட்டே போடக் கூடாது."

இன்ஜினீயர் ஷீஜா வரைபடத்தில் குறித்துக்கொண்டாள்.

பிலாய் எஃகு ஆலைக் குவார்ட்டர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் குடியிருந்தவள் விலாசினி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைச் சுவர். பகலிலும் ட்யூப்லைட். அந்த ஆத்திரத்தையெல்லாம் இப்போது கேரளத்து ஒற்றப்பாலத்தில் வாங்கிய பதினாலு சென்ட் நிலத்தில் தீர்த்துக்கொண்டிருந்தாள். எந்த மாதம் வெயில் எங்கே வந்து எங்கே போகிறது என்று ஒரு வருஷமாகச் செங்கல் வைத்து அடையாளம் பண்ணியிருந்தாள்.

"மேற்கே ஜன்னல் சின்னதா போதும். பெருசா வச்சா ஜூன் மழை நேரா உள்ள வந்து கட்டில்ல படுத்துக்கும். வெளியில ஒரு பலா வைக்கலாம். இருபது வருஷத்துல சாயங்கால வெயிலை அது பாத்துக்கும்."

"இருபது வருஷமா?" பாஸ்கர மேனோன் சிரித்தார். "எடி, நான் இருக்கப்போறது எத்தனை நாளைக்கு?"

அவளுடைய புருஷன் இந்தக் கேள்வியை நாலு மாதமாகக் கேட்டு வருகிறார். இருதயத்தில் மூன்று அடைப்பு என்று நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியதிலிருந்து இதே பாட்டுதான். தரைக்கு என்ன கல் போடலாம் என்றால், எத்தனை நாளைக்கு. குளியலறையில் கைப்பிடி வைக்கலாமா என்றால், எத்தனை நாளைக்கு.

அவருக்குப் பதில் தேவையில்லை. விலாசினி உடனே, "வாயைக் கழுவுங்க," என்று அதட்டுவாள். அதைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைய பொழுது தெம்பாகப் போகும். காலை மாத்திரைகளோடு அதுவும் ஒன்று.

இன்று அவள் அதட்டவில்லை.

"தெற்கு மூலையில என்ன போட்டிருக்க, ஷீஜா?"

"கார் ஷெட், சேச்சி."

"அதை வடக்கே தள்ளு. அங்க ஒரு மாமரம் வரும்."

மேனோனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஷீஜாவின் பேனாவும் நின்றது.

தெற்கு மூலை மாமரம் எதற்கு என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடினால் அந்த மரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். எரிப்பதும் அதே தெற்குப் பக்கத்தில்தான்.

மேனோனுக்குச் சுருக்கென்றது.

தான் சொன்னால் அது சும்மா பேச்சு. அவளே இடம் பார்த்துக் குறித்துக் கொடுத்தால்? முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், அடுப்புக்கு வெயில், கட்டிலுக்கு நிழல், புருஷனுக்கு விறகு என்று வரிசையாகத் திட்டம் போடுகிறாளே. டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருப்பாரோ. சொல்லித்தான் இருப்பார்.

சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்தபடி நின்றார்.

"அப்படி அவசரம்னா ஒட்டுக்கன்னா வாங்கி வச்சுடு," என்றார். "சீக்கிரம் வந்துடும். உனக்கும் வேலை முடிஞ்ச மாதிரி."

"ஒட்டு மாவா? அது நாலு வருஷத்துல காய்ச்சுட்டு, குட்டையாவே நின்னுடும். அதை வச்சு என்ன பண்றது?"

விலாசினி எழுந்து, துணிப்பையிலிருந்து ஒரு பால் கவரை எடுத்தாள். அதில் மண். மண்ணில் முழங்கை உயரத்துக்கு ஒரு மாங்கன்று. ஏழெட்டு இலைகள். பிளந்த கொட்டை இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரோ ஒருத்தர் ஆஸ்பத்திரிலேருந்து வந்த அடுத்த வாரமே, சர்க்கரை இருக்கிறதையும் மறந்து, வாடகை வீட்டுக் கிணத்தடில ஒளிஞ்சு நின்னு மாம்பழம் தின்னாங்க. அந்தக் கொட்டைதான் இது."

மேனோன் ஷீஜாவைப் பார்த்தார். ஷீஜா வரைபடத்தைப் பார்த்தாள்.

விலாசினி யாரையும் பார்க்கவில்லை. தெற்கு மூலையில் குத்துக்காலிட்டுக் கொத்தனார் கரண்டியால் குழி பறித்தாள்.

"கொட்டை போட்டு வந்த மரம் காய்க்கவே பத்து வருஷம் ஆகும். அடி பெருத்து வெட்டறதுக்கு ஆகணும்னா முப்பது வருஷம். அதுக்கு முன்னாடி கடையில விறகு வாங்கி எரிக்கற வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது, சொல்லிட்டேன்."

கன்றைக் குழியில் இறக்கி மண்ணை அணைத்தாள்.

"மரம் தயாராகணும். அப்புறம் போகலாம்."

மேனோனுக்கு அறுபத்தாறு வயது. அறுபத்தாறும் முப்பதும் தொண்ணூற்றாறு. மனக்கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஷீஜா, அந்தக் குளியலறைக் கைப்பிடி," என்றார். "நாள்பட உழைக்கிறதா பாத்துப் போடு."

வெயிலுக்கு அடையாளமாகக் கிடந்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து, வேலையாட்கள் மிதித்துவிடாதபடி கன்றைச் சுற்றி அடுக்கினார். பிறகு மனைக் கிணற்றிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"முழுசா ஊத்துங்க," என்றாள் விலாசினி.

"போதும். ரொம்ப ஊத்தினா சீக்கிரம் வளந்துடும்."