வில்லியம் ஹார்ட் வரையாத படம்

திருவனந்தபுரத்தின் அந்தச் சிறிய அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு வயதான அம்மாள் நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

“அந்த பிரிட்டிஷ் எண்ணெய் ஓவியம் வில்லியம் ஹார்ட் வரைஞ்சதில்ல சார். பேரை மாத்துங்க. போன வாரம் சுவருக்கு வெள்ளையடிக்க இறக்கி வச்சிருந்தப்போ பின்பக்கம் பாத்தேன். கித்தான் துணியை வித்த கடையோட முத்திரையில 1894ன்னு இருக்கு. ஹார்ட் செத்தது 1891ல.”

புதிதாக வந்திருந்த இயக்குநர் ஹரிகுமார் ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் வைத்தார். “இது ஹார்ட் படம்தான்னு டாக்டர் எஸ். அழகியநம்பி எழுதினதாக்கும். லண்டன்லயே ஒத்துக்கிட்டாங்க, கேட்டோ.”

“படத்தை இறக்கிப் பாக்காமலே எழுதின புத்தகம்.”

“அவ்வளவு பெரிய ஆளை முட்டாள்னு சொல்றீங்களோ?”

“இந்த விஷயத்துல முட்டாள்தான்.”

“அவர் கேட்டா கேஸ் கொடுப்பார் அம்மா!”

அந்த அம்மாள் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னட்டையைக் காட்டினார். புகைப்படத்தில் முப்பது வயது குறைந்த அதே முகம். கீழே, சரஸ்வதி அழகியநம்பி.

ஹரிகுமார் எழுந்து நின்றார். “மேடம்... எல்லாரும் சிரிப்பாங்களே?”

“தப்பா எழுதினதுக்கு முப்பது வருஷம் கைதட்டினாங்க. சரியாச் சொல்றதுக்குச் சிரிச்சா, சிரிக்கட்டும். ‘வரைந்தவர் தெரியவில்லை’ன்னு எழுதுங்க.”